நியூயார்க் மேயரைத் தெரியும். நம் வார்டு உறுப்பினரைத் தெரியுமா?





2026 ஜனவரி முதல் நாள், நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில், நியூயார்க் நகரத்தின் பழைய சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் ஸொஹ்ரான் மம்தானி திருக்குர்ஆனின் மீது கை வைத்து அந்நகரின் மேயராகப் பொறுப்பேற்றார். உகாண்டாவின் கம்பாலா நகரில் 1991-ல் பிறந்தவர். இந்திய வம்சாவளிப் பெற்றோரின் மகன். நியூயார்க்கின் முதல் முஸ்லிம் மேயர். அங்கே நள்ளிரவு என்றால் இங்கே முற்பகல். அன்று லுஹர் பாங்கு சொல்வதற்கு முன்பே அந்தப் புகைப்படம் கோவை முஸ்லிம்களின் கைபேசிகளில் நிறைந்துவிட்டது. மறுநாள் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தவர்களின் பேச்சும் அதுவாகவே இருந்தது. “மாஷா அல்லாஹ், நம்மவர் ஒருவர் உலகின் தலைசிறந்த நகரத்தை ஆளப்போகிறார்” என்ற பூரிப்பு எங்கும் தெரிந்தது.

மகிழ்வதில் குற்றமில்லை. ஆயினும், அந்தப் படத்தைப் பத்துக் குழுமங்களுக்கு அனுப்பி வைத்த அன்பரிடம் நாம் சில எளிய கேள்விகளைக் கேட்க விரும்புகிறோம். தாங்கள் வசிக்கும் வார்டின் எண் என்ன? அதன் மாமன்ற உறுப்பினர் யார்? தங்கள் பகுதி சபைக் கூட்டம் கடைசியாக எப்போது, எங்கே நடந்தது? 2022 மார்ச்சில் கோவையின் மேயராக வந்த கல்பனா ஆனந்தகுமார் 2024 ஜூலையில் பதவி விலகியதும், ஆகஸ்டில் ரங்கநாயகி ராமச்சந்திரன் அந்த இடத்துக்கு வந்ததும் தங்களுக்குத் தெரியுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, வாக்காளர் பட்டியலில் தங்கள் பெயரும் தங்கள் வீட்டுப் பெண்களின் பெயரும் இன்று இருக்கின்றனவா?

பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள நகரத்தின் மேயரை அறிந்தவர், தம் தெருச் சாக்கடைக்குப் பொறுப்பானவரை அறியாதிருப்பது வெறும் மறதியாகாது. அது ஒரு நோய். அந்த நோயைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

அங்கே வென்றது எது?

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுவோம். மார்க்க விஷயங்களில் மம்தானியை முன்மாதிரியாக வைப்பது நம் நோக்கமன்று. அவருடைய கருத்துகள் அனைத்தையும் ஏற்பவர்களும் நாமல்லர். ஒரு நகரத்து மக்களின் நம்பிக்கையை அவர் எவ்வழியில் பெற்றார் என்பது மட்டுமே இங்குப் பேசுபொருள்.

நம்மவர்களில் பலர், ஒரு முஸ்லிம் பெயர் வென்றுவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். பெயர் வெல்லவில்லை. 2024 நவம்பர் அதிபர் தேர்தல் முடிந்த கையோடு அவர் ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு பிராங்க்ஸ், குயின்ஸ் பகுதிகளின் தெருக்களுக்குப் போனார். “ஏன் டிரம்புக்கு வாக்களித்தீர்கள்? ஏன் வாக்களிக்கவே இல்லை?” என்று நின்று கேட்டார். அவர்களோடு வாதாடவில்லை, சொன்னதைக் கேட்டுக்கொண்டார். விலைவாசி, வாடகை, அன்றாடச் செலவு என்பதே அவர்களிடமிருந்து வந்த பதில். அந்தப் பதிலிலிருந்தே அவருடைய தேர்தல் அறிக்கை பிறந்தது: வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடுகளின் வாடகையை உயர்த்தாமல் நிறுத்துதல், நகரப் பேருந்துகளில் கட்டணமின்மை, குழந்தைப் பராமரிப்பு, மாநகரமே நடத்தும் மளிகைக் கடைகள்.

தெருவோரத்தில் ஹலால் உணவு விற்கும் தள்ளுவண்டிக்காரர்களிடம் போய், ஒரு தட்டுச் சோற்றின் விலை ஏன் ஏறியது என்று கேட்டு அவர் வெளியிட்ட காணொளி நம்மவர்கள் பலரும் பார்த்ததுதான். “ஹலால்” என்ற சொல்லை மட்டும் கேட்டு மகிழ்ந்தவர்கள், அதன் உட்பொருளைக் கவனிக்கவில்லை. மாநகரம் குறைந்த கட்டணத்துக்குத் தரும் உரிமம் போதிய அளவில் வழங்கப்படாததால், வண்டிக்காரர்கள் அதை வேறொருவரிடமிருந்து ஆண்டுக்குப் பல்லாயிரம் டாலர் கொடுத்து வாடகைக்கு எடுக்கிறார்கள். அந்தச் சுமை கடைசியில் சாப்பிடுபவரின் தட்டில் விழுகிறது. ஓர் அலுவலகக் கோப்புக்கும் ஒரு பிடிச் சோற்றுக்கும் உள்ள தொடர்பை அவர் மக்களுக்குப் புரிய வைத்தார். உள்ளாட்சி அரசியல் என்பது இதுதான்.

அதற்கும் முன்னால், 2021-ல், கடனில் மூழ்கிய நியூயார்க் டாக்சி ஓட்டுநர்கள் மாநகர மன்றத்தின் எதிரே உண்ணாவிரதம் இருந்தபோது, மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த அவரும் அவர்களோடு 15 நாள் பட்டினி கிடந்தார். அந்த ஓட்டுநர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள், சீக்கியர்களும் இந்துக்களும் கிறித்தவர்களும் இருந்தார்கள். கடன் யாருடைய மதத்தையும் கேட்டு வரவில்லை. 2025 நவம்பர் 4 அன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவருக்கு வாக்களித்தார்கள் என்றால், அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஆண்டுகளும், வீடு வீடாகக் கதவைத் தட்டிய தொண்டர்களின் உழைப்பும் இருந்தன.

அவர் கேட்டவற்றில் சில நம் ஊரில் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளன என்பதையும் எண்ணிப் பாருங்கள். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். நியாய விலைக் கடை தெருவுக்குத் தெரு உண்டு. கூட்டுறவுச் சிந்தாமணி அங்காடியைக் கோவையில் அறியாதவர் இல்லை. நியூயார்க்கோ, பேருந்துகளை மாநில அமைப்பு நடத்துவதால், அந்த ஒன்றுக்காக இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறது. இருப்பதன் அருமையை உணர்ந்து காப்பதற்கும், இல்லாததைக் கேட்டுப் பெறுவதற்கும் விழிப்போடு இருக்கும் குடிமக்கள் வேண்டும். குறை அங்கேதான் இருக்கிறது.

எண்களைப் பாருங்கள்

“அது பெரிய நகரம், பெரிய சனநாயகம், இங்கே நம் பேச்சை யார் கேட்பார்கள்?” என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நியூயார்க் நகர மன்றத்தில் உறுப்பினர்கள் 51 பேர். 2020 கணக்கெடுப்பின்படி அந்நகரின் மக்கள்தொகை 88 லட்சம். ஓர் உறுப்பினருக்குச் சுமார் 1,72,000 பேர். கோவை மாநகராட்சியில் வார்டுகள் 100. விரிவாக்கப்பட்ட எல்லைக்குள் 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 16 லட்சம். ஓர் உறுப்பினருக்குச் சுமார் 16,000 பேர். இன்றைக்கு அது கூடியிருக்கும். இருந்தாலும், நியூயார்க்வாசிக்கு அவருடைய நகர மன்ற உறுப்பினர் இருப்பதைவிடப் பல மடங்கு நெருக்கத்தில் நம் மாமன்ற உறுப்பினர் இருக்கிறார். அவர் நம் தெரு டீக்கடையில் நிற்கிறார். நம் வீட்டு நிக்காஹ்வுக்கு வந்து விருந்து உண்கிறார். அவரிடம் கேட்கத்தான் நம்மிடம் கேள்வி இல்லை.

அங்கே மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிர்வாகம் அவர் கையில். இங்கே 2022-ல் மேயரை மாமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தார்கள். நிர்வாகத்தின் பெரும்பகுதி ஆணையர் கையில். எனவே நம் ஒரே பிடி வார்டு உறுப்பினர்தான். மேலும், 2022 பிப்ரவரித் தேர்தலில் 100 வார்டுகளில் 96-ஐ ஒரே கூட்டணி வென்றது. எதிர்க்கட்சி ஏறத்தாழ இல்லாத மன்றத்தில் கேள்வி கேட்கும் பொறுப்பு பொதுமக்களின் தோளில் விழுகிறது. எந்தக் கூட்டணி வென்றிருந்தாலும் இதையே சொல்லியிருப்போம்.

உறுப்பினரே இல்லாத ஐந்தாண்டுகள்

2016 அக்டோபரில் முந்தைய மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் கோவைக்கு மேயரும் இல்லை, மன்ற உறுப்பினர்களும் இல்லை. தனி அலுவலர்களே ஆண்டார்கள். 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மன்றத்தின் காலம் முடிவதற்கு முன்பே தேர்தல் நடத்தச் சொல்கிறது. அது நடக்கவில்லை. அதற்காக நம் பள்ளிவாசல் ஒன்றின் வாசலிலாவது ஒரு பதாகை எழுந்ததா?

அந்த வெற்றிடத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறோம். கோவையின் 60 வார்டுகளுக்கு 24 மணி நேரமும் குடிநீர் தரும் திட்டத்துக்காக சூயஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தோடு 26 ஆண்டு ஒப்பந்தம் போடப்பட்டது. மதிப்பு ரூ. 3,000 கோடிக்கும் மேல். அது கையெழுத்தானது 2018-ன் தொடக்கத்தில். மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் அப்போது இல்லை! இன்று நம் மதரஸாவில் அலிஃப் பா ஓதும் பிள்ளை, பிள்ளை பெற்று வளர்க்கும் வயதை எட்டும் வரை இந்த நகரத்தின் தண்ணீரைக் கட்டுப்படுத்தப்போகும் ஒப்பந்தம் அது. திட்டம் நல்லதா கெட்டதா என்பதில் கற்றறிந்தவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, இருக்கட்டும். மக்களின் பிரதிநிதிகள் விவாதிக்க வேண்டிய நேரத்தில் பிரதிநிதிகளே இல்லை என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

தண்ணீரின் அருமையைக் கோவைவாசிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. “நல்ல தண்ணி” என்றும் “உப்புத் தண்ணி” என்றும் இரண்டாகப் பிரித்துப் பேசும் ஊர் இது. சிறுவாணியும் பில்லூரும் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகின்றன என்பதை வைத்தே பெண்களின் வாரம் நகர்கிறது. மதீனாவில் விலைக்கு விற்கப்பட்டுவந்த ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் சொந்தப் பணத்தில் வாங்கி அனைவருக்கும் பொதுவாக்கினார்கள் என்ற வரலாற்றை ஆண்டுதோறும் மேடைகளில் முழங்குகிறோம். அந்த வரலாற்றின் பாடம் தர்மத்தின் சிறப்போடு முடிந்துவிடுவதில்லை. குடிநீர் யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

அச்சம் ஒரு காரணமாகுமா?

நம் பெரியவர்கள் சிலர் தாழ்ந்த குரலில் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. அதை நாம் இகழ மாட்டோம். 1997 நவம்பரின் இறுதியில் இந்நகரில் நடந்த கலவரத்தையும், அதில் நம் சமுதாயத்தவர் 18 பேர் மாண்டதையும், 1998 பிப்ரவரி 14 அன்று நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர்கள் பறிபோன கொடுமையையும் கண்ட தலைமுறை அது. அதன்பின் கோட்டைமேடும் உக்கடமும் கரும்புக்கடையும் நீண்ட காலம் சந்தேகப் பார்வையின் கீழ் வாழ்ந்தன. “தலையைக் குனிந்து போ, தொழிலைப் பார், அலுவலகப் பக்கம் போகாதே” என்று தந்தையர் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அன்று அது தற்காப்பாக இருந்தது. கால் நூற்றாண்டு கடந்த பின்னும் அதுவே வாழ்க்கை முறையாகிவிட்டது.

நியூயார்க் முஸ்லிம்களும் இதே பாதையில் நடந்தவர்கள்தாம். 2001 செப்டம்பர் 11-க்குப் பின் அந்நகரக் காவல்துறை தனிப் பிரிவு ஒன்றை அமைத்துப் பள்ளிவாசல்களையும் உணவகங்களையும் மாணவர் சங்கங்களையும் உளவு பார்த்தது. செய்தி நிறுவனம் ஒன்று 2011-ல் அதை அம்பலப்படுத்தியது. அந்த மக்கள் வீட்டுக்குள் முடங்கவில்லை. நீதிமன்றம் போனார்கள், மற்றச் சமயத்தவரையும் சேர்த்துக்கொண்டு குரல் கொடுத்தார்கள். 2014-ல் அந்தப் பிரிவு கலைக்கப்பட்டது. பல ஆண்டு முயற்சிக்குப் பின், 2015-ல், இரு பெருநாள்களுக்கும் அந்நகரப் பொதுப்பள்ளிகளில் விடுமுறை அறிவிக்கப்பட்டது. 2021-ல் முதல் முஸ்லிம் பெண் நகர மன்றத்துக்குத் தேர்வானார். 2025-ல் மேயர் வந்தார். ஒவ்வொரு படியாக ஏறியவர்களைப் பார்த்து, கடைசிப் படியை மட்டும் கைதட்டிக் கொண்டாடுகிறார்கள் நம்மவர்கள்.

மூன்று சாக்குகள்

முதலாவது: “அரசியல் ஒரு சாக்கடை.” இப்படிச் சொல்பவரின் வீட்டு வாசலில் உண்மையான சாக்கடை ஒன்று ஓடுகிறது, மழைக்காலத்தில் அது வீட்டுக்குள்ளும் வருகிறது. அதைத் தூர்வாரச் சொல்லி யாரிடம் போவார்? பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். ஒரு கல்லை எடுத்துப் போடுவது ஈமானின் கிளை என்றால், தெரு முழுவதற்கும் மூடியில்லாமல் கிடக்கும் வடிகாலுக்காக மனு கொடுத்து, மூடி போடும் வரை விடாமல் நடப்பது அதைவிடக் குறைந்ததாகுமா?

இரண்டாவது: “வாக்களிப்பதும் மன்றங்களில் அமர்வதும் மார்க்கத்துக்கு முரண்.” இப்படிச் சொல்லி இளைஞர்களைக் குழப்புவோர், அதே மாநகராட்சிக்குச் சொத்துவரி கட்டுகிறார்கள், பிறப்புச் சான்றிதழ் வாங்குகிறார்கள், கடைக்கு உரிமம் பெறுகிறார்கள். 2022-ல் சொத்துவரி உயர்ந்தபோது அவர்களும் சேர்ந்தே புலம்பினார்கள். இத்தகையோர் ஹில்ஃபுல் ஃபுளூலை நினைவுகூர வேண்டும். மக்காவில் ஒரு செல்வாக்குள்ள மனிதர் எமன் நாட்டு வணிகர் ஒருவரின் பொருளை வாங்கிக்கொண்டு விலை தர மறுத்தபோது, அநீதி இழைக்கப்பட்டவர் யாராயினும் அவர் பக்கம் நிற்பதென்று குறைஷிகள் சிலர் செய்துகொண்ட உடன்படிக்கை அது. நபித்துவத்துக்கு முன், இளமையில், நபி (ஸல்) அவர்கள் அதில் பங்கேற்றார்கள். இஸ்லாம் வந்த பின்னும் அத்தகைய ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் ஏற்பேன் என்ற கருத்தில் அதைப் புகழ்ந்தார்கள். அதை உருவாக்கியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். நோக்கம் நீதியாக இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

மூன்றாவது சாக்கு வாய் திறந்து சொல்லப்படுவதில்லை, செயலில் தெரிகிறது. தேர்தலுக்கு முந்தைய வாரம் வேட்பாளர்கள் ஜமாஅத் அலுவலகத்துக்கு வருவார்கள். சால்வை மாறும். கோரிக்கைப் பட்டியல் ஒன்று கைமாறும். அதில் என்ன இருக்கும்? கபரஸ்தானுக்குச் சுற்றுச்சுவர், பள்ளிவாசல் எதிரே உயர்கோபுர விளக்கு, ரமழான் மாதத்தில் தண்ணீர் லாரி. அவ்வளவுதான். பள்ளிவாசலின் சுவரைத் தாண்டி நமக்கு ஒரு ஊர் இருக்கிறது என்ற நினைவே அந்தப் பட்டியலில் இராது. அடுத்த தெருவின் பஞ்சாலைத் தொழிலாளி, துப்புரவுப் பணியாளர், வாடகை வீட்டில் காலம் தள்ளும் அண்டை வீட்டார் ஆகியோருக்காகவும் கேட்காத சமுதாயத்தை, இக்கட்டு வரும்போது அவர்கள் எப்படித் தம்முடையதென்று எண்ணுவார்கள்? சிறிய சலுகை கேட்பவர்களுக்குச் சிறிய சலுகைதான் கிடைக்கும், கண்ணியம் கிடைக்காது.

வெள்ளலூரின் புகைக்கு மதமில்லை

சிங்காநல்லூர் ஒரு காலத்தில் தனி நகராட்சி. 1981-ல் கோவை மாநகராட்சியானபோது அதனோடு இணைந்தது. நொய்யலின் ஓரத்தில் 288 ஏக்கரில் ஒரு குளம் இவ்வூருக்கு அல்லாஹ் தந்த அருட்கொடை. 2017-ல் அதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக மாநகராட்சி அறிவித்தது. அறிவிப்புக்குப் பின்னும் சங்கனூர்ப் பள்ளத்தின் கழிவுநீர் அதில் கலப்பதும், ஆகாயத்தாமரை படர்வதும் நாம் கண்ணால் காண்பவை.

தெற்கே வெள்ளலூரில், 600 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில், கோவையின் குப்பை முழுவதும் வந்து சேர்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 1,000 டன். கோடை வந்தால் தீப்பிடிக்கிறது. 2024 ஏப்ரலில் எரிந்த தீ அணைய நாள்கள் பல ஆயின. அந்தப் புகை போத்தனூர் பள்ளிவாசலுக்குள்ளும் போகிறது, கோயிலுக்குள்ளும் போகிறது, தேவாலயத்துக்குள்ளும் போகிறது. அப்பகுதிக் குடியிருப்போர் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். அந்தப் போராட்டத்தில் நம் ஜமாஅத்துகளின் பெயர்கள் எத்தனை? ஆலிம்கள் எத்தனை பேர்?

இதில் நம் பங்கு கேட்பதோடு முடிவதில்லை. அந்த மலையில் நம் குப்பையும் இருக்கிறது. நிக்காஹ் மண்டபங்களில் பாதி தின்று எறியப்படும் பிரியாணியும், அதைச் சுற்றிய பிளாஸ்டிக்கும், பிரிக்காமல் ஒரே பையில் கட்டி வீசப்படும் குர்பானிக் கழிவும் அங்கேதான் போகின்றன. வீண்விரயத்தைப் பற்றிய வசனங்களை ஓதிக்காட்டும் அதே வாரத்தில் இதைச் செய்யும் சமுதாயம், மாநகராட்சியிடம் எந்த முகத்தோடு கேள்வி கேட்கும்? கேட்கும் உரிமையைக் கேட்பவரின் ஒழுக்கம் வலுப்படுத்துகிறது.

நவம்பர் 4

நியூயார்க் மக்கள் வாக்களித்த 2025 நவம்பர் 4 அன்றுதான், தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கான கணக்கீட்டுப் படிவங்கள் வீடு வீடாக வரத் தொடங்கின. அன்றிரவும் மறுநாளும் நம் குழுமங்களில் ஓடிய செய்தி எது? மம்தானியின் வெற்றி. வாக்குச்சாவடி நிலை அலுவலர் எந்தத் தெருவுக்கு எப்போது வருகிறார், 2002 பட்டியலில் பெயரைத் தேடுவது எப்படி, படிவத்தை யார் நிரப்பித் தருவார்கள் என்பவை எத்தனை குழுமங்களில் ஓடின? டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தோர், இடம் மாறியோர், இரட்டைப் பதிவு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றில் நியாயமானவை நிறையவே இருக்கலாம். ஆனால் வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் ஏழைக்கும், திருமணமாகி வேறு ஊருக்கு வந்த பெண்ணுக்கும், வளைகுடாவில் உழைக்கும் மகனுக்கும் பெயர் தவறிப்போவது எளிது என்பதை அறிய ஆராய்ச்சி தேவையில்லை. உள்ளாட்சித் தேர்தலுக்கும் இந்தப் பட்டியலே அடிப்படை. கைபேசியில் நியூயார்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் கதவை நம் ஊர் அலுவலர் தட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

செய்ய வேண்டியவை

குறை சொல்லி முடிப்பது ஆலிம்களுக்கு அழகன்று. சிங்காநல்லூர் வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வரும் நாம், ஒவ்வொரு மஹல்லாவின் முன்பும் இவற்றை வைக்கிறோம்:

1. வாக்காளர் பட்டியல். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் வார்டு எண், பாகம் எண், மாமன்ற உறுப்பினரின் அலுவலகத் தொலைபேசி ஆகியவை எழுதப்பட வேண்டும். பெயர் விடுபட்டவர்களுக்குப் படிவம் 6 நிரப்பித் தர, ஜும்ஆ முடிந்ததும் இரண்டு இளைஞர்கள் மேசை போட்டு அமர வேண்டும். எந்தச் சமயத்தவர் வந்தாலும் நிரப்பித் தர வேண்டும்.

2. பகுதி சபை. 2022 நவம்பர் 1 முதல் தமிழக நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. அவை நம் தெருவிலேயே, மாமன்ற உறுப்பினரின் தலைமையில் நடப்பவை. கூட்டம் நடக்கவில்லை என்றால் ஏன் நடக்கவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். நடந்தால் போய் அமருங்கள். திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்ப்பு நாளும் உங்களுடையதே.

3. தெருவோர வணிகர்கள். 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வணிகர்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். தள்ளுவண்டி வைத்திருக்கும் நம் சகோதரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நியூயார்க்கின் ஹலால் வண்டிக்காக உருகுபவர்கள், திருச்சி சாலையில் நிற்கும் வண்டிக்காரரின் அடையாள அட்டையைப் பற்றி விசாரிக்கட்டும்.

4. பெண்கள். தமிழக உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு உரியவை. தண்ணீர், குப்பை, விலைவாசி ஆகியவற்றை ஆண்களைவிட நன்கு அறிந்தவர்கள் நம் பெண்கள். உமர் (ரலி) அவர்கள் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்களிடம் மதீனாச் சந்தையின் பொறுப்பை ஒப்படைத்ததாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. வேட்பாளர் தேடும்போது கணவரின் பெயருக்காக மனைவியை நிறுத்தும் வழக்கத்தைக் கைவிட்டு, தகுதியுள்ள பெண்ணை அவருடைய தகுதிக்காக முன்னிறுத்துங்கள்.

5. மதரஸா. உஸ்தாதுமார்களே, அமானத் என்ற பாடத்தை நடத்தும்போது, தெருக்குழாயும் தெருவிளக்கும் பொதுக் கழிப்பிடமும் அமானத்தே என்று சொல்லிக் கொடுங்கள். குப்பையைப் பிரிப்பதை மதரஸா வளாகத்திலிருந்தே தொடங்குங்கள்.

இன்றைய மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027-ன் தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் இவற்றை ஒரு மஹல்லாவாவது செய்து காட்டினால், வேட்பாளர் வரும்போது நீட்டப்படும் கோரிக்கைப் பட்டியல் வேறாக இருக்கும். அதில் கபரஸ்தான் சுவரும் இருக்கட்டும். அதற்கு மேலே வெள்ளலூரும், சிங்காநல்லூர்க் குளமும், தண்ணீர் ஒப்பந்தமும் இருக்கட்டும். மீண்டும் தேர்தல் தள்ளிப்போனால், முதலில் கேள்வி எழுப்பும் குரல் பள்ளிவாசலிலிருந்து வரட்டும்.

தூரத்து நகரத்தில் ஒருவர் பெற்ற பதவிக்கு நம்மிடம் மறுமையில் கணக்குக் கேட்கப்படாது. அண்டை வீட்டாரின் உரிமைக்கும், நம் தெருவின் தண்ணீருக்கும், நம் கையில் தரப்பட்ட வாக்குக்கும் கேட்கப்படும்.

வல்ல ரஹ்மான் நம் சமுதாயத்துக்கு விழிப்பையும், வாழும் ஊரின் மீது பொறுப்பையும், அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவரோடு நிற்கும் உறுதியையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.